ஒரு மணிக் குரல்

"சாப்பிட்டாச்சா?" என்று கேட்டது குரல்.

ஆச்சு என்று சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றாள். இதே வராந்தாவில், இதே ரிசீவரைப் பிடித்துக்கொண்டு, இதே கேள்விக்கு அவள் சற்று முன்புதான் பதில் சொல்லியிருந்தாள். டிபன் பாக்ஸ் கழுவிய ஈரம்கூட இன்னும் கையில் காயவில்லை.

"இப்பத்தானே பேசினோம்?"

"என்ன? சத்தமா பேசு. இங்க மெஷின் ஓடுது."

"சாப்பிட்டாச்சுன்னேன். நீங்க?"

"ஆச்சு. என்ன இன்னிக்கு?"

"காலையில வெச்சதுதான்."

"வரும்போது ஏதாவது வாங்கிட்டு வரணுமா?"

"ஒண்ணும் வேணாம்."

"வெச்சுடவா?"

"இருங்க. ஞாயித்துக்கிழமை விஷயம்... சொல்லிட்டீங்களா?"

"ஞாயித்துக்கிழமை என்ன? எப்பவும் போலத்தானே? சரி, வெச்சுடறேன்."

ரிசீவரை வைத்தவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். இவர்தான் புருஷன் என்றால், முதலில் பேசியது யார்?

மருந்துத் தொழிற்சாலையின் பேக்கிங் பிரிவில் அவளுக்குக் 'கழுகு' என்று பெயர். பெல்ட்டில் மாத்திரை அட்டைகள் ஓடிக்கொண்டே இருக்கும். எல்லாம் ஒரே வெள்ளை, ஒரே அளவு. ஏதாவது ஒரு குழியில் மாத்திரை இல்லாவிட்டாலும், ஒரு மாத்திரையின் ஓரம் உடைந்திருந்தாலும் அவள் கை தானாகப் போய் அந்த அட்டையை எடுத்துவிடும். எப்படி என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. அப்படிப்பட்ட கழுகுக்குத் தன் புருஷன் குரலுக்கும் ஊரான் குரலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. கைபேசிகளை வாசலிலேயே பூட்டி வைத்துவிடுவார்கள். வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் கீழே ரிசப்ஷனில் இருக்கும் ஆப்பரேட்டர் வழியாகத்தான் வரவேண்டும். தினமும் சாப்பாட்டு நேரத்தில் "மேடம், உங்க வீட்டுக்காரர்" என்பாள் அந்தப் பெண். தண்ணீர் பம்ப் ஹவுஸில் ஷிஃப்ட் பார்ப்பவர் அவர். பின்னால் மோட்டார்கள் இரைய, அங்கே கைக்குக் கிடைக்கிற போனில், கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரிப் பேசுவார். சாப்பிட்டாச்சா, ஆச்சு, நீங்க, ஆச்சு, ஏதாவது வாங்கணுமா, வேணாம், வெச்சுடவா, வைங்க. கல்யாணமான புதிதில் எப்படியோ தொடங்கிய பேச்சு. அதற்குப் பிறகு ஒரு சொல் கூடியதுமில்லை, குறைந்ததுமில்லை. கேட்கும்போது அவள் பாதி நேரம் சுவரில் பெயர்ந்திருக்கும் பெயின்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இன்றைக்குத்தான் அதில் ஒரு வரியைச் சேர்த்தாள்.

முதலில் வந்த அழைப்பில், "வெச்சுடவா?" என்று குரல் கேட்டதும், "வைங்க" என்பதற்குப் பதிலாக, "ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டுக்கு நான் வரலை. போன் பண்ணிச் சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டாள்.

அந்த ஒரு வரியைச் சொல்ல அவளுக்கு வருஷக்கணக்கில் தைரியம் சேர்க்க வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்றால் அவருடைய அக்கா வீடு. அதே நாற்காலிகள், அதே ஆட்கள். அக்காவின் கணவர் தான் ஒருமுறை தவறான ரயிலில் ஏறிய கதையைச் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். அங்கே யாரும் அவளை ஒரு குறை சொன்னதில்லை. யார் மேலும் அவளுக்கு வருத்தமில்லை, அதுதான் பெரிய வருத்தம். கோபித்துக்கொண்டு வராமல் இருக்க ஒரு காரணமாவது கொடுத்திருக்கலாம். சமீபகாலமாக ஞாயிற்றுக்கிழமை தலைவாரும்போது கண்ணாடியில் இருந்தவள், "இன்னிக்குமா?" என்று கேட்கத் தொடங்கியிருந்தாள்.

அவள் சொன்னதற்கு அந்தக் குரல், "சரி" என்றது. வைத்துவிட்டது.

இப்போது யோசிக்கையில் அந்தச் 'சரி'யிலேயே குட்டு உடைந்தது. அவள் புருஷன் எதற்காவது எடுத்த எடுப்பில் சரி சொல்லுவாரா? சட்டைப் பொத்தானைத் தைத்துத் தரட்டுமா என்றால்கூட "எந்த நூல்ல?" என்று கேட்கிற ஆள். மேலும் முதல் குரலில் ஒரு கரகரப்பு இருந்தது. ஒரு இருமல்கூட வந்த மாதிரி இருந்தது. நினைக்க நினைக்க அந்த இருமல் வளர்ந்துகொண்டே போயிற்று.

இத்தனை வருஷத் தைரியத்தையும் யாரோ ஒருத்தர் காதில் கொட்டியிருக்கிறாள். அவரும் சமர்த்தாகச் சரி என்று சொல்லிவிட்டு, இந்நேரம் தன் அக்காவைக் கூப்பிட்டு, "இவ வரமாட்டாளாம்" என்று சொல்லிக்கொண்டிருப்பார். எந்த வீட்டிலோ ஒரு பாவப்பட்ட பெண் தான் பேசாத பேச்சுக்கு வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறாள்.

பெல்ட் மறுபடி ஓடத் தொடங்கியது. ஒரு காலி அட்டை அவள் கண்ணெதிரே ராஜநடை போட்டுக் கடந்து போயிற்று. அவள் பின்னாலேயே ஓடிப்போய்ப் பிடித்தாள்.

"என்ன கழுகு, கண்ணுல தூசியா?" என்றார் சூப்பர்வைசர்.

"வீட்டுல ஒரு அவசரம் சார். ஒரே ஒரு போன்."

வராந்தாவுக்கு வந்து ஆப்பரேட்டரைக் கூப்பிட்டாள். "ஒரு மணிக்கு எனக்கு முதல்ல ஒரு போன் வந்துச்சே, அது எந்த நம்பர்லேர்ந்து?"

"பார்த்துச் சொல்றேன் மேடம். ஆனா என்ன பேசினாங்கன்னு மட்டும் கேக்காதீங்க. கனெக்‌ஷன் குடுத்ததும் காதை எடுத்துடுவேன். ஒட்டுக்கேக்கறது நம்ம பரம்பரையிலயே கிடையாது."

அவள் படித்துக்காட்டியது, இவள் வாழ்நாளில் கேள்விப்படாத எண். எதற்கும் இருக்கட்டும் என்று முதலில் புருஷனின் கைபேசிக்கு இணைப்புக் கேட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மோட்டார் பக்கம் இறங்கிவிட்டால் அப்படித்தான். பிறகு அந்த எண்ணைக் கேட்டாள்.

போன் இரண்டாவது முறை அடிப்பதற்குள் எடுத்துவிட்டார்கள். அங்கேயும் ஏதோ இரைச்சல். உலகத்தில் எத்தனை மோட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

"ஹலோ, மத்தியானம் ஒரு மணிக்கு நீங்க இந்த நம்பருக்குப் பேசினீங்களா?"

"ஆமா. என்ன விஷயம், இந்த நேரத்துல கூப்பிடறே?"

எடுத்த உடனே 'கூப்பிடறே' என்று ஒருமை! இன்னும் தன்னைப் பெண்டாட்டி என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார் மனுஷன்.

"கொஞ்சம் பொறுமையா கேளுங்க. உங்க மனைவின்னு நினைச்சு ஒருத்தர்கிட்ட பேசினீங்க இல்லையா? அது நான்."

"சரி."

"நான் உங்க மனைவி இல்லை."

அந்தப் பக்கம் இரைச்சல் கூடியது.

"என்னது?"

"நான் உங்க மனைவி இல்லைங்க!"

"ஞாயித்துக்கிழமை வரலேன்னே. நானும் சரின்னுதானே சொன்னேன்? அதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய வார்த்தை?"

"ஐயோ, கோவத்துல சொல்லலைங்க. உண்மையைச் சொல்றேன். நான் வேற ஒருத்தரோட மனைவி."

"எப்போலேர்ந்து?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து!"

"கல்யாணம் ஆனதுலேர்ந்தா?" என்றது குரல். ஓட்டை விழுந்த டயர் மாதிரி இறங்கிப்போயிருந்தது.

பாவமாக இருந்தது அவளுக்கு. ஆனால் முதலில் தீயை அணைக்க வேண்டும். "அது போகட்டும். அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?"

"அப்பவே சொல்லிட்டேன்."

"போச்சு! அவங்க என்ன சொன்னாங்க?"

"அவளுக்கு அலைய முடியலேன்னா பரவாயில்லை, நாங்க எல்லாரும் உங்க வீட்டுக்கு வந்துடறோம்னுட்டா. அத்தானோட சொந்தக்காரங்க நாலஞ்சு பேர் வந்திருக்காங்களாம். அவங்களையும் கூட்டிக்கிட்டு வராளாம். ராத்திரிச் சாப்பாடும் சேர்த்து."

அவளுக்குத் தலை சுற்றியது. போகமாட்டேன் என்றதற்கு வருகிறோம் என்று கிளம்பிவிட்டார்கள். அக்காக்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவர்கள்தான் போலிருக்கிறது. அந்த முகம் தெரியாத பெண் பானையும் சட்டியுமாக நிற்பது கண்முன் தெரிந்தது. நல்லவேளை, இது நம் வீடு இல்லை என்று ஒரு கணம் உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. உடனே சிரித்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

"இதோ பாருங்க, உடனே உங்க அக்காவைக் கூப்பிட்டு, வரோம்னு சொல்லிடுங்க."

"இப்ப நீ வரேங்கறியா, வரலேங்கறியா?"

"நான் எதுக்கு வரணும்? உங்க மனைவி வருவாங்க!"

"அது யாரு?"

"அதை நீங்கதான் சொல்லணும்!" என்று கத்திவிட்டாள். வராந்தாவில் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ரிசீவரை வைத்துவிட்டாள்.

பார்த்தவர்களில் ஒருவர் ஸ்டோர்கீப்பர். அட்டைப்பெட்டிகளுக்குப் பொறுப்பானவர்தான் என்றாலும் எதிலும் நியாயம் பேசுவதால் அவருக்கு 'வக்கீல்' என்று பெயர். அவள் வேறு வழியில்லாமல் விஷயத்தைச் சொன்னாள்.

"இதுக்கா கலங்கறீங்க?" என்றார் வக்கீல். "பொம்பளை சொன்னா ஊடல்னு நினைச்சுக்குவாங்க. ஆம்பளை பேசினா ஒரே நிமிஷத்துல புரியும். நம்பரைக் குடுங்க."

"நிதானமா பேசுங்கண்ணா. ஆள் ஏற்கெனவே நொந்து போயிருக்கார்."

"பேச்சை என்கிட்ட விட்டுடுங்க."

விட்டாள். அதுதான் அன்றைக்கு அவள் செய்ததிலேயே பெரிய பிழை.

"ஹலோ, வணக்கம். கொஞ்ச நேரம் முன்னாடி ஒரு அம்மா பேசினாங்களே, அவங்க சார்பா பேசறேன்... சார்பான்னா சார்புதான். அவங்களுக்கும் உங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. அதை முதல்ல மனசுல வாங்கிக்குங்க... நானா? நான் அவங்களுக்கு வேண்டியவன்... தினமும்தான் பார்க்கறேன். காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் ஒண்ணாத்தான் இருக்கோம்..."

அவள் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் கண்ணாலேயே அடக்கினார்.

"அவங்க புருஷனா? அவர் ரொம்ப நல்ல மனுஷனாம். அவருக்கு இதெல்லாம் தெரிய வேணாம்னு பார்க்கறாங்க... எங்க இருக்கோமா? ஏன், பயமா எங்களுக்கு?" என்று தொழிற்சாலையின் பெயரையும் பேக்கிங் பிரிவையும் கம்பீரமாகச் சொல்லிவிட்டு ரிசீவரை வைத்தார்.

"என்ன சொன்னார்?"

"அடங்கிட்டான். கடைசியில பேச்சே வரலை." வக்கீல் கழுத்துப் பட்டியைச் சரிசெய்துகொண்டார். "நேர்ல வரேங்கறான்."

"எங்க?"

"இங்கதான்."

பெல்ட்டின் முன்னால் வந்து உட்கார்ந்தாள். எழுந்தாள். தண்ணீர் குடித்தாள். மறுபடி உட்கார்ந்தாள். அட்டைகள் வந்துகொண்டே இருந்தன. கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. மனம் மட்டும் ஓரிடத்தில் தங்கவில்லை.

யாரோ ஒரு ஆள், நான் உன் பெண்டாட்டி இல்லை என்று ஒரு குரல் சொன்னதற்காக, போட்டது போட்டபடி கிடக்க, வேலையை விட்டுவிட்டு ஓடி வருகிறான். பேசிய பேச்சு என்னவோ சாப்பிட்டாச்சா, வெச்சுடவாதான். அதற்குள்ளே இவ்வளவு இருந்திருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு அது தெரியுமா? அவளும் ஏதோ ஒரு சுவரின் பெயின்டைப் பார்த்துக்கொண்டுதான் தினமும் "ஆச்சு" சொல்லியிருப்பாள்.

நம்மாள் வருவாரா?

கேள்வி வந்த வேகத்தில் அதைத் துரத்தப் பார்த்தாள், அது போகவில்லை. வரமாட்டார் என்றுதான் தோன்றியது. பம்பை யார் பார்ப்பது என்பார். ஊருக்குத் தண்ணீர் நின்று போகும் என்பார். முகம் தெரியாத அந்தப் பெண்மேல் அவளுக்குப் பொறாமையாக இருந்தது. சுருக்கென்று, ஊசி குத்தின மாதிரியான நிஜப் பொறாமை.

கூடவே வேறொன்றும் நினைவுக்கு வந்தது. அக்கா வீட்டு வாசலில் செருப்பு விடுகிற இடத்தில் கடைசி மூலை அவளுடையது. எவ்வளவு கூட்டம் வந்தாலும் அங்கே வேறு யாரும் செருப்பு விடுவதில்லை. யாரும் அப்படிச் சட்டம் போடவில்லை. ரயில் கதையில் சிரிப்பு வருகிற இடத்துக்குச் சற்று முன்னால் அக்காவின் கணவர் அவள் முகத்தைத்தான் பார்ப்பார். அவள் சிரிக்கத் தயாராகிவிட்டாளா என்று பார்த்துக்கொண்டுதான் அடுத்த வரியைச் சொல்லுவார். அவள் போகாத ஞாயிற்றுக்கிழமையில் அவர் யாரைப் பார்ப்பார்? கதை பாதியில் நின்றுவிடாதா?

நல்லவேளை. அவளுடைய ஞாயிற்றுக்கிழமை பத்திரமாக இருந்தது. தவறி விழுந்தது வேறு யாருடைய வீட்டிலோ. இந்த வாரம் போவாள். தலைவாரும்போது கண்ணாடிக்காரி ஏதாவது கேட்டால், "ஆமாம், இன்னிக்கும்தான்" என்று சொல்லிவிடுவாள். நினைத்ததும் மனம் லேசாயிற்று.

அந்த லேசு வெகுநேரம் நிற்கவில்லை.

"பேக்கிங் அம்மா!" வாசல் காவலாளி கதவில் தலையை நீட்டினார். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர், யாரையும் தெரியாது. "உங்களைப் பார்க்க ஒருத்தர் வந்திருக்கார். மூச்சு வாங்குது. கால்ல ரப்பர் பூட்ஸு, வழியெல்லாம் ஈரம்."

"யாருன்னு சொன்னார்?"

"உங்க வீட்டுக்காரர்ங்கறார்."

"அப்படித்தான் சொல்லுவார்" என்றாள் அவள் பெருமூச்சுடன். "நம்பிடாதீங்க."

காவலாளி அவளையும், துணைக்கு வந்து நின்றிருந்த வக்கீலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார்.

படியிறங்கும்போது வக்கீல் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "நான் முன்னாடி போறேன்."

"வேணாம். நீங்க பேசினதே போதும். நானே சொல்லிக்கறேன்."

"எப்படிச் சொல்லுவீங்க? போன்லயே நம்பாத ஆளு."

"எடுத்த உடனே அண்ணான்னு கூப்பிட்டுடுவேன். அதுக்கு மேல எந்த மனுஷனுக்கும் சந்தேகம் வராது."

"சபாஷ்" என்றார் வக்கீல். "வாய்தாவே வேணாம். ஒரே சொல்லுல கேஸ் முடிஞ்சுது."

ரிசப்ஷனில் ஆப்பரேட்டரின் மேஜை முன்னால் லேபிள் பிரிவு அம்மாள் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தாள். ஏதோ பெரிய வாக்குவாதம். ஆப்பரேட்டரின் முகம் வெளுத்திருந்தது. இவளைக் கண்டதும், "மேடம், மேடம், ஒரு நிமிஷம்" என்று எழுந்தாள்.

"இரும்மா, ஒரு குடும்பம் உடையப் பார்க்குது, அதை முதல்ல முடிச்சுட்டு வந்துடறேன்."

பார்வையாளர் அறையின் கதவு பனிக்கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம் ஒரு உருவம் இங்குமங்கும் நடந்துகொண்டிருந்தது. நின்றது. மறுபடி நடந்தது. அந்தப் பெண் கொடுத்து வைத்தவள் என்று மறுபடியும் நினைத்துக்கொண்டாள். அந்த வீட்டுக்கே ஒருநாள் போய் அவளிடம் இதைச் சொல்ல வேண்டும்.

நேருக்கு நேர் முகத்தைப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை. கதவை ஒரு சாண் மட்டும் திறந்து, கண்களை இறுக மூடிக்கொண்டு, மனப்பாடம் செய்ததை உள்ளே ஒப்பித்தாள்.

"அண்ணா, தப்பா நினைக்காதீங்க அண்ணா. என்னை உங்க கூடப்பிறந்த தங்கச்சியா நினைச்சுக்குங்க. மத்தியானம் நான் சொன்னது எதையும் மனசுல வெச்சுக்காதீங்க. உங்க சம்சாரம் ரொம்பக் கொடுத்து வெச்சவங்க. நேரா வீட்டுக்குப் போங்க."

உள்ளே ரப்பர் பூட்ஸ் சத்தம் நின்றுவிட்டது.

பின்னாலிருந்து ஆப்பரேட்டர் ஓடி வந்து அவள் தோளைப் பிடித்தாள். "மேடம், ரெண்டாவதா வந்தது இந்த லேபிள் அக்காவோட வீட்டுக்காரராம், நான்தான் பழக்கதோஷத்துல உங்களுக்குக் குடுத்துட்டேன்; முதல்ல பேசினவர்தான் உங்க வீட்டுக்காரர்."